கூட்டத்தில் வாழும் செங்கண் மீன்

நம் இல்லங்களில் மீன் தொட்டி வைக்கும் வழக்கம் வெகுவாகப் பெருகிவிட்டது. அடுப்படியில் மீன் நுழையாத வீடுகளில்கூடக் கூடத்து மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியும், அதில் குமிழி விடும் மோட்டாரும் இருக்கின்றன. கொல்கத்தாவில் வாழும் நமக்கு இதற்கான வசதியும் அதிகம். பாக்பஜாரை ஒட்டிய காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால் போதும். "இதுல ரெண்டு, அதுல ரெண்டு, அந்தச் சிவப்புல ஒண்ணு" என்று கேட்பார்கள். கடைக்காரரும் பாலிதீன் பையில் பிடித்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்.

காய்கறி வாங்க இது சரியான முறைதான். ஆனால் சில மீன்களுக்கு இது தண்டனை. கூட்டமாக வாழவே படைக்கப்பட்ட மீனை ஒன்றும் இரண்டுமாக வாங்கி வைத்தால், அது உயிரோடு இருக்குமே தவிர, வாழாது. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பொதுவாகச் சொல்வதைவிட ஒரே ஒரு மீனை எடுத்துக்கொண்டு சொன்னால் தெளிவாக இருக்கும். நான் எடுத்துக்கொள்வது மேற்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளில் வாழும் ஒரு சிறிய மீன். கடைகளில் இதற்கு ஆப்பிரிக்கன் ரெட்-ஐ டெட்ரா என்று பெயர். நாம் செங்கண் மீன் என்று அழைப்போம்.

மீனும் பெயரும்

ஆள்காட்டி விரல் நீளம்தான். நன்றாக வளர்ந்தால் எட்டு சென்டிமீட்டர் இருக்கும். நீண்டு ஒடுங்கிய உடல். கண்ணின் மேல்பாகம் நல்ல சிவப்பு. உடலின் நடுவே ஒரு கரும்பட்டை ஓடுகிறது. அதற்கு மேலே உள்ள செதில்கள் பெரியவை, கீழே உள்ளவை சிறியவை. மேல் செதில்களில் வெளிச்சம் படும்போது நீலமும் பச்சையுமாக மின்னும். முதுகுத் துடுப்பில் பெரிய கரும்புள்ளி ஒன்று உண்டு. ஆணையும் பெண்ணையும் வயிற்றுக்குப் பின்னால் உள்ள அடித்துடுப்பை வைத்து அடையாளம் காணலாம். ஆணுக்கு அதில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறக் கோடுகள் இருக்கும். பெண்ணுக்குத் துடுப்பின் நுனி மட்டும் கறுத்திருக்கும்.

விஞ்ஞான நூல்களில் இதன் பெயர் ஆர்னால்டிக்திஸ் ஸ்பைலோப்டெரஸ். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் பிரித்துப் பார்த்தால் எளிது. ஸ்பைலோப்டெரஸ் என்றால் கிரேக்கத்தில் புள்ளித் துடுப்பு என்று பொருள். 1909-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மியூசியத்தில் பணிபுரிந்த பூலஞ்சர் என்ற அறிஞர் இம்மீனை முதன்முதலில் விவரித்து எழுதினார். அப்போது அவர் இதை வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார். 1926-இல் அமெரிக்கரான ஜார்ஜ் மையர்ஸ், இது தனி இனம் என்று கண்டு புதிய பேரினம் ஒன்றை வகுத்து, ஆர்னால்டு என்ற ஜெர்மானிய மீன் வளர்ப்பாளரின் பெயரை அதற்கு வைத்தார். கல்லூரிப் பேராசிரியர் பெயரையோ மன்னர் பெயரையோ வைக்காமல், தொட்டியில் மீன் வளர்த்தவரின் பெயரை வைத்தது எனக்குப் பிடித்த செய்தி. அந்தப் பேரினத்தில் இன்றுவரை இந்த ஒரே மீன்தான் உள்ளது.

பிறந்த ஆறு

உலகம் முழுவதும் தொட்டிகளில் நீந்தும் இம்மீனுக்குச் சொந்த ஊர் மிகச் சிறியது. நைஜீரியா நாட்டின் தென்பகுதி மட்டுமே. நைஜர் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும், ஓகுன் என்ற சிறிய ஆற்றிலும் இது வாழ்கிறது. வேறு எங்கும் இயற்கையாக இல்லை.

நைஜர் ஒரு விசித்திரமான ஆறு. கினி நாட்டு மலைகளில் பிறக்கும் இடத்திலிருந்து அட்லாண்டிக் கடல் 240 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் ஆறு கடலுக்கு முதுகைக் காட்டி, வடகிழக்கே சகாரா பாலைவனத்தின் விளிம்பு வரை போய், அங்கே வளைந்து, தெற்கே இறங்கி, மொத்தம் 4,180 கிலோமீட்டர் சுற்றி கினி வளைகுடாவில் கலக்கிறது. இதன் போக்கு ஐரோப்பியர்களை வெகுகாலம் குழப்பியது. 1796-இல் மங்கோ பார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆறு கிழக்கே ஓடுவதைக் கண்டார். மீண்டும் வந்து ஆற்றோடு இறங்கியபோது 1806-இல் புஸ்ஸா என்ற இடத்தில் உயிரிழந்தார். முடிவில் 1830-இல் லாண்டர் சகோதரர்கள் படகில் கழிமுகம் வரை வந்து புதிரை அவிழ்த்தார்கள். கரையில் வாழ்ந்த மக்களுக்கு இதில் புதிர் எதுவும் இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

லோகோஜா என்ற ஊரில் பெனுவே ஆறு வந்து சேர்ந்த பிறகு, நைஜர் பல கிளைகளாகப் பிரிந்து டெல்டாவாக விரிகிறது. கடலோரத்தில் அலையாத்திக் காடு. அதற்கு மேலே, உப்புநீர் எட்டாத பகுதியில் சதுப்புக் காடு. மரங்கள் தண்ணீரில் நிற்கும். நிழல் அடர்ந்திருக்கும். உதிர்ந்த இலைகள் ஊறித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். இத்தகைய நிழலான நன்னீர்தான் செங்கண் மீனுக்கு ஏற்றது. புழுக்கள், சிறு இறால் வகைகள், மரத்திலிருந்து நீரில் விழும் பூச்சிகள் எல்லாம் இதன் உணவு. இலை உதிர்வதும் பூச்சி விழுவதும் இதற்கு ரேஷன் வருவது போல.

ஓகுன் ஆறு அபேகுத்தா நகரத்தின் வழியாக ஓடி லேகோஸ் காயலில் சேர்கிறது. அபேகுத்தா என்ற பெயர் நம்முடைய பழைய ரயில்வேக்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1979 முதல் 1982 வரை நைஜீரிய ரயில்வேயின் நிர்வாகத்தை நம் நாட்டு ரைட்ஸ் நிறுவனம் ஒப்பந்தத்தில் ஏற்று நடத்தியது. இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் அங்கே சென்று வேலை பார்த்தார்கள். லேகோஸிலிருந்து இபாதான் செல்லும் பழைய பாதை அபேகுத்தாவைத் தொட்டுத்தான் போகிறது. அங்கே பாதையின் அகலம் 1,067 மில்லிமீட்டர். நம் பிராட்கேஜும் இல்லை, மீட்டர்கேஜும் இல்லை. அந்தப் பாதைக்குப் பக்கத்து ஆற்றில் இப்படி ஒரு மீன் இருந்தது என்பது அப்போது போனவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடலுக்கு அக்கரையில் சொந்தக்காரர்கள்

டெட்ரா என்றதும் மீன் வளர்ப்பவர்களுக்கு நினைவு வருவது நியான் டெட்ரா. அது தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. செங்கண் மீனோ ஆப்பிரிக்கா. நன்னீரில் வாழும் மீன் அட்லாண்டிக் உப்புக்கடலை நீந்திக் கடந்திருக்க முடியாது. பின் எப்படி உறவு?

மீன் கடக்கவில்லை, நிலம்தான் பிரிந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு முழுவதுமாகப் பிரிந்தன. ஒரே மூதாதையரின் வாரிசுகள் இரு கரைகளிலும் தனித்தனியே வளர்ந்தன. ஆப்பிரிக்கக் கிளைக்கு அலெஸ்டிடே என்று பெயர். செங்கண் மீன் அந்தக் குடும்பம்தான்.

இதே குடும்பத்தில் இன்னொரு உறுப்பினரும் உண்டு. அதுதான் புலிமீன். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி போன்ற பற்கள், அம்பு போன்ற வேகம். காங்கோ ஆற்றில் உள்ள பெரிய புலிமீன் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். நைஜரிலும் புலிமீன் வகைகள் உண்டு, சிறு மீன்களே அவற்றின் உணவு. ஆக, பங்காளியே பகைவன். அந்தப் பகைவனிடமிருந்து தப்ப, எட்டு சென்டிமீட்டர் மீனுக்குக் கத்திப் பல்லும் இல்லை, முள்கவசமும் இல்லை, விஷமும் இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று: கூட்டம்.

தலைவன் இல்லாத வரிசை

மீன்கள் கூடியிருப்பதில் இரண்டு நிலைகள் உண்டு. சும்மா பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஒன்று. பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் ஜனங்களைப் போல. எல்லாம் ஒரே திசையில், ஒரே வேகத்தில், சம இடைவெளியில் நகர்வது இன்னொன்று. இதுதான் அணிவகுப்பு. செங்கண் மீன் அமைதியாக இருக்கும்போது முதல் நிலையிலும், மிரண்டதும் இரண்டாம் நிலையிலும் இருக்கும்.

ரயில்வேயில் இரண்டு வண்டிகள் ஒன்றை ஒன்று தொடாமல் போவதற்கு எத்தனை ஏற்பாடு என்று நமக்குத் தெரியும். அப்சல்யூட் பிளாக் முறையில், முன்வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு முழுவதுமாகப் போய்ச் சேரும்வரை பின்வண்டிக்கு லைன் கிளியர் கிடையாது. சிக்னல், ஸ்டேஷன் மாஸ்டர், கண்ட்ரோலர் என்று ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. ஆனால் ஐந்நூறு மீன்கள் உடல் நீளம் அளவு இடைவெளியில் பாய்ந்து, திரும்பி, மோதாமல் போகின்றன. அங்கே கண்ட்ரோலர் யாரும் இல்லை. முன்னால் போகும் மீன் தலைவனும் இல்லை. கூட்டம் திரும்பினால் பக்கத்தில் இருந்தது முன்னால் வந்துவிடும்.

இது எப்படி நடக்கிறது? 1987-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி நிபுணர், பறவைக் கூட்டத்தைத் திரையில் வரைய மூன்றே விதிகள் போதும் என்று காட்டினார். அவை மீனுக்கும் பொருந்தும். முதல் விதி, பக்கத்தில் இருப்பவனை இடிக்காதே. இரண்டாவது, பக்கத்தில் இருப்பவன் போகும் திசையில் போ. மூன்றாவது, கூட்டத்தை விட்டு விலகாதே. ஒவ்வொரு மீனும் தன் அருகில் உள்ள சிலவற்றை மட்டும் கவனித்து இந்த மூன்றையும் பின்பற்றினால், முழுக் கூட்டமும் ஒரே உடல் போல நகரும்.

கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்த எனக்கு இது பழைய பெட்டிகளின் பஃபரையும் கப்ளிங்கையும் நினைவூட்டுகிறது. பெட்டிகள் நெருங்கினால் பஃபர் தள்ளும். விலகினால் கப்ளிங் இழுக்கும். இரண்டும் சேர்ந்துதான் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. மீனுக்குக் கண்ணுக்குத் தெரியாத பஃபரும் கப்ளிங்கும் இருக்கின்றன, அவ்வளவுதான். வண்டியில் ஒன்றன் பின் ஒன்றாக மட்டும். மீனுக்கு மேலும் கீழும், இடமும் வலமும்.

பக்கத்து மீனைக் கவனிக்க மீனிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று கண். இன்னொன்று உடலின் இரு பக்கமும் தலையிலிருந்து வால் வரை ஓடும் பக்கவாட்டுக் கோடு. அதில் உள்ள நுண்ணிய உணர்வு உறுப்புகள் நீரின் அசைவை உணர்கின்றன. பக்கத்து மீன் வாலை வெட்டினால், அந்த அலை இதன் உடம்பில் தட்டும். பிட்சர், பார்ட்ரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-இல் சைத் என்ற கடல் மீனின் கண்களைத் தற்காலிகமாக மறைத்துக் கூட்டத்தில் விட்டார்கள். கண் தெரியாமலேயே அது கூட்டத்தோடு நீந்தியது. பக்கவாட்டுக் கோட்டை மட்டும் செயலிழக்கச் செய்தபோதும் நீந்தியது. இரண்டும் போனால்தான் முடியவில்லை. ஒரு பிரேக் போனாலும் இன்னொன்று பிடிக்கும் என்பது போன்ற ஏற்பாடு.

டெட்ரா, கெண்டை, கெளுத்தி வகைகளுக்குக் கூடுதலாக இன்னும் இரண்டு சொத்துகள் உண்டு. நீர்ப்பையையும் உட்காதையும் இணைக்கும் சிறு எலும்புச் சங்கிலி ஒன்று. 1820-இல் ஜெர்மானியரான வெபர் இதை விவரித்தார். காற்று நிரம்பிய நீர்ப்பை மத்தளத் தோல் போல அதிர, எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்தும். அதனால் இவற்றுக்குச் செவிப்புலன் கூர்மை. தொட்டியின் கண்ணாடியைக் குழந்தைகள் தட்டக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மற்றொன்று, ஆபத்து மணம். இவ்வகை மீனின் தோல் கிழிந்தால் ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அதை முகர்ந்ததும் மற்றவை மிரண்டு நெருங்கிக் கூடும். 1938-இல் கார்ல் வான் ஃப்ரிஷ் இதைக் கண்டறிந்தார். தேனீக்களின் நடன மொழியை விளக்கி 1973-இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. கடிபட்ட மீன் தப்பாமல் போகலாம், ஆனால் அதன் காயமே மற்றவற்றுக்கு அபாயச் சங்கு.

கூட்டத்தால் லாபம் என்ன?

கூட்டமாகப் போனால் எதிரியின் கண்ணில் எளிதாகப் படுமே, அது ஆபத்து அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் லாபமே மிஞ்சுகிறது.

முதலாவது, பங்கு. புலிமீன் ஒரு பாய்ச்சலில் ஒன்றைத்தான் பிடிக்கும். இருநூறு பேர் இருக்கும் இடத்தில் அந்த ஒன்று நானாக இருக்கும் வாய்ப்பு இருநூறில் ஒன்று.

இரண்டாவது, குழப்பம். நீல், கல்லன் என்ற இருவர் 1974-இல் வேட்டையாடும் கடல்வாழ், நன்னீர்வாழ் உயிரினங்கள் நான்கை வைத்துச் சோதித்தார்கள். இரைக் கூட்டம் பெரிதாகப் பெரிதாக, ஒவ்வொரு தாக்குதலிலும் வெற்றி குறைந்தது. எதைக் குறிவைப்பது என்று வேட்டையாடிக்குத் தெரியவில்லை. ஒருவர் ஒரே சமயத்தில் பத்துப் பந்துகளை வீசினால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியாமல் போகிறதே, அதே கதை.

மூன்றாவது, எல்லாம் ஒரே மாதிரி இருப்பது. லாண்டோ, டெர்போர்க் என்ற இருவர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. பாஸ் என்ற வேட்டை மீனிடம் தனியாக ஒரு சிறுமீனை விட்டார்கள், உடனே பிடிபட்டது. எட்டு மீன்களைச் சேர்த்து விட்டபோது வேட்டை மீன் திணறியது. அந்த எட்டில் ஒன்றிரண்டுக்கு நீலச் சாயம் பூசி விட்டபோது மறுபடியும் வேட்டை எளிதாயிற்று. வேறுபட்டுத் தெரிந்த ஒன்று, தானும் அகப்பட்டு, மற்றவற்றையும் அகப்படுத்திவிட்டது. எட்டு என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிறகு உதவும்.

நான்காவது, சாப்பாடு. 1982-இல் பிட்சரும் அவருடைய சகாக்களும், பெரிய கூட்டத்தில் உள்ள மீன்கள் உணவை விரைவாகக் கண்டுபிடிக்கின்றன என்று காட்டினார்கள். தேடும் கண்கள் அதிகம். ஒருவனுக்குக் கிடைத்தால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும். எதிரியைக் கவனிக்கும் பொறுப்பும் பகிரப்படுவதால், நிம்மதியாகச் சாப்பிட நேரம் கிடைக்கிறது.

தனிமைக்கு ஒரு விலை

இதைத் திருப்பிப் பார்த்தால் நம் தொட்டியின் கதை வந்துவிடும். தனியாக விடப்பட்ட மீனுக்கு எதிரி இல்லாவிட்டாலும் எதிரி இருப்பதாகவே உடம்பு நினைக்கும். 2016-இல் பவளப்பாறையில் கூட்டமாக வாழும் ஒரு சிறு மீனை ஆய்வு செய்தார்கள். கூட்டத்தின் துணை கிடைத்தபோது, சும்மா இருக்கும் நிலையில் அது செலவழிக்கும் சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அதாவது தனியாக இருக்கும் மீன், எந்த வேலையும் செய்யாமலேயே அதிகம் செலவழிக்கிறது. எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு டீசலைக் குடிப்பது போல. அது கடல் மீன்தான். ஆனால் கூட்டத்துக்காகவே அமைந்த எந்த மீனுக்கும் தனிமை சுமை என்பதை வளர்ப்பவர்கள் கண்ணால் காண்கிறார்கள். ஒன்றிரண்டாக வைத்த செங்கண் மீன் மூலையில் பதுங்கும், நிறம் மங்கும், தீனி போட்டால் வெளியே வரத் தயங்கும், சிறு ஓசைக்கும் துள்ளிக் கண்ணாடியில் மோதும். "இந்த மீன் டல்லா இருக்கு" என்று நாம் சொல்வோம். மீனிடம் குறை இல்லை, எண்ணிக்கையில்தான் குறை.

வளர்க்க விரும்புவோருக்கு

இம்மீன் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

எட்டு மீனுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். பத்து, பன்னிரண்டு என்றால் இன்னும் நல்லது. ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதைவிட ஒரே வகையில் பத்து வாங்குவது பார்க்கவும் அழகு, மீனுக்கும் நலம்.

இது விரைந்து நீந்தும் மீன். தொட்டி உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். மூன்றடிக்குக் குறையக் கூடாது. அந்த இடம் இல்லாதவர்கள் இம்மீனை விட்டுவிட்டு வேறு சிறிய மீனைத் தேர்ந்தெடுக்கலாம். நன்றாகத் துள்ளக் கூடியது என்பதால் மூடி அவசியம்.

தண்ணீர் 23 முதல் 28 டிகிரி சென்டிகிரேட் வரை இருக்கலாம். கொல்கத்தாவில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் தண்ணீர் இதைவிடக் குளிர்ந்துவிடும், ஹீட்டர் வேண்டும். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்து கலந்தோ ஊற்றவும். ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் இம்மீனுக்கு ஒத்துக்கொள்ளாது. சற்று அமிலத்தன்மையுள்ள மென்மையான நீரே அதன் பிறந்த வீட்டு நீர்.

வெளிச்சம் குறைவாகவும், ஓரங்களில் செடி அடர்ந்தும், நடுவில் நீந்த இடம் விட்டும் இருக்கட்டும். அடியில் கருநிற மணல் போட்டால் மீனின் நிறம் எடுப்பாகத் தெரியும்.

இனப்பெருக்கம் செய்வதும் முடியாத காரியமில்லை. பெண் மீன் ஒரே முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைத் தூவிவிடும். ஏறக்குறைய ஒன்றரை நாளில் பொரிக்கும். குஞ்சுகள் ஏழாம் நாள் வாக்கில் நீந்தத் தொடங்கும். பெற்றோர் பார்த்துக்கொள்வதில்லை. தன் முட்டை என்ற பாசமும் கிடையாது, அகப்பட்டால் தின்றுவிடும். எனவே முட்டையிட்டதும் பெரியவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். ஊருக்குப் போகும்போதோ, மாற்றலாகிப் போகும்போதோ, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எந்தத் தொட்டி மீனையும் குளத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது பாவமாகிவிடும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி இன்று கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தின் மீன் பண்ணைகளில் பெருகி, மீன் வளர்ப்போரின் பிழைப்புக்கே இடைஞ்சலாக இருக்கிறது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் அன்பருக்குக் கொடுங்கள்.

சொந்த ஆற்றில் நிலைமை

இவ்வளவு கூட்டமாக வாழும் மீனுக்கு என்ன ஆபத்து வந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் செங்கண் மீனை அழிவு அபாயமுள்ள இனங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. காரணம், அது வாழும் இடத்தின் கதை.

நைஜர் டெல்டாவை ஆங்கிலேயர்கள் ஒரு காலத்தில் எண்ணெய் ஆறுகள் என்றார்கள். அது பாமாயில் வணிகத்தால் வந்த பெயர். 1956-இல் ஒலோய்பிரி என்ற ஊரில் ஷெல் நிறுவனத்தார் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் மூலமான கச்சா எண்ணெயைக் கண்டுபிடித்தார்கள். 1958-இல் ஏற்றுமதி தொடங்கியது. அன்று முதல் அதே பெயர் வேறு பொருளில் பொருந்திவிட்டது. காட்டையும் சதுப்பையும் ஊடுருவிக் குழாய்கள் பதிக்கப்பட்டன. அவை துருப்பிடித்தும், திருடர்கள் துளையிட்டும், கவனிப்பாரின்றியும் கசிந்தன.

டெல்டாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஓகோனி மக்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். அவர்களுடைய எழுத்தாளர் கென் சாரோ-விவாவை அன்றைய ராணுவ அரசு 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிட்டது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு அந்தப் பகுதியை ஆய்ந்து 2011-இல் அறிக்கை தந்தது. ஓரிடத்தில் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் என்ற நச்சுப்பொருள், அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. முழுவதும் சரியாக 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றது அறிக்கை. 2008-இல் போடோ என்ற ஊரில் நடந்த இரு கசிவுகளுக்காக 2015-இல் 5 கோடியே 50 லட்சம் பவுண்டு இழப்பீடு தர ஷெல் ஒப்புக்கொண்டது. போடோ உப்பும் நன்னீரும் கலக்கும் அலையாத்திப் பகுதி, செங்கண் மீனின் வசிப்பிடம் அல்ல. ஆனால் குழாய்கள் நன்னீர்ச் சதுப்பின் வழியாகவும்தான் போகின்றன. எண்ணெய்க்கு எல்லைக் கோடு தெரியாது.

எண்ணெய் மீனைக் கொல்வது ஒரே வழியில் அல்ல. நீரின் மேல் பரவும் படலம் காற்று கரைவதைத் தடுக்கிறது. அதில் விழும் பூச்சிகளும் ஒட்டிக்கொண்டு கெடுகின்றன. கரையில் உள்ள வேர்கள் அழுகி மரம் சாய்கிறது. மரம் போனால் நிழல் போயிற்று, உதிரும் இலை போயிற்று, விழும் பூச்சியும் போயிற்று. ரேஷன் கடையை மூடியது போலத்தான்.

எண்ணெய் மட்டும் காரணமல்ல. விறகுக்கும் விவசாயத்துக்கும் வீட்டுக்கும் காடு வெட்டப்படுகிறது. ஓகுன் ஆறு கடைசியில் சேருமிடமோ கோடிக்கும் மேல் மக்கள் வாழும் லேகோஸ் நகரம். மேலே நைஜரில் 1968-இல் கட்டி முடிக்கப்பட்ட கைஞ்சி அணை மின்சாரம் தருகிறது. நானும் பொறியியல் படித்தவன், அணையை வெறும் தீமை என்று சொல்ல மாட்டேன். மின்விளக்கு வேண்டாம் என்று அந்த மக்களிடம் சொல்ல நாம் யார்? ஆனால் ஆண்டு வெள்ளம் குறைந்தால், சதுப்புக் காட்டுக்குள் நீர் ஏறுவதும் குறையும் என்பது கணக்கு. அந்தச் செலவும் திட்ட மதிப்பீட்டில் எழுதப்பட வேண்டும் என்பதே என் கட்சி.

கூட்டம் என்ற ஆயுதம் புலிமீனுக்கு எதிராகப் பல லட்சம் ஆண்டுகள் வேலை செய்தது. எண்ணெய்ப் படலத்துக்கு எதிராக அது வேலை செய்யாது. இங்கே பங்கு போட்டு ஆபத்தைக் குறைக்க முடியாது. எல்லோருக்கும் முழு ஆபத்து. அதைவிட மோசம், எண்ணிக்கை குறையும்போது கூட்டத்தின் பலன்களும் குறைகின்றன. இருநூறு இருபதாகும்போது, மிஞ்சிய ஒவ்வொன்றையும் புலிமீன் பிடிப்பது எளிதாகிறது, உணவைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. ஆகவே கூட்டத்தை நம்பி வாழும் உயிர் மெல்ல மெல்ல மட்டும் குறைவதில்லை. ஓர் அளவுக்குக் கீழே போனால் சரிவு வேகம் பிடிக்கும்.

இதில் நாம் செய்யக் கூடியது சிறிதளவுதான். கடையில் வாங்கும்போது, பண்ணையில் வளர்த்த மீனா, ஆற்றில் பிடித்ததா என்று கேளுங்கள். ஹௌரா, தெற்கு 24 பர்கனா பகுதிகளில் வண்ண மீன் பண்ணைகள் நிறைய உண்டு. பண்ணை மீனுக்கு நாம் கொடுக்கும் காசு நம் அக்கம்பக்கத்தாருக்கே போய்ச் சேரும், ஆற்றுக்கும் பாதகமில்லை. வாங்கினால் ஒரு கூட்டமாக வாங்குங்கள். இடமில்லையென்றால் வாங்காமல் விடுவதும் மீனுக்குச் செய்யும் உதவிதான். வாங்கிய பிறகு பிள்ளைகளை ஒரு கால்மணி நேரம் தொட்டி முன்னால் அமைதியாக உட்காரச் சொல்லுங்கள். எந்த மீன் முதலில் திரும்புகிறது, மற்றவை எப்போது திரும்புகின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். பிறகு அட்லஸை எடுத்து, நைஜர் ஆறு எங்கே தொடங்கி, எங்கே வளைந்து, எங்கே கடலில் சேர்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொட்டியில் இருப்பது கடையிலிருந்து வந்த பொருள் அல்ல, ஓர் ஆற்றிலிருந்து வந்த உயிர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.